டெல்லிக் கமிட்டி பார்த்த தறி

சித்திரை 20, திங்கள்

வெயில். காலை எட்டு மணிக்கே குழாயில் வரும் தண்ணீர் சுடுகிறது.

இந்த டைரி ஜவுளிக் கடையில் இனாமாகக் கொடுத்தது. போன வருஷத்தது. அச்சடித்த கிழமை ஒன்றும் பொருந்தவில்லை. அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். "வேலை இல்லாதவளுக்குக் கிழமை இன்னாத்துக்கு?" என்று இவர் கேலி. வேலை இல்லாதவர் இவர்தான். மாசியிலிருந்து தறி சும்மா கிடக்கிறது. எனக்காவது மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை வேலை உண்டு. கரண்ட் அந்த நேரத்துக்கு மட்டும்தான்.

மீதி நேரம் பட்டு நூல் முறுக்கும் பட்டறையில் மெஷின்களுக்குக் காவல். ஒருத்தி பேன் பார்க்கிறாள். ஒருத்தி குறட்டை. நான் முதலாளி வீட்டு நியூஸ் பேப்பரை வரி விடாமல் படிக்கிறேன், வரி விளம்பரம் உள்பட.

சேதி ஒன்று. டெல்லியிலிருந்து பார்லிமெண்ட் கமிட்டி வருகிறதாம். கரண்ட் வெட்டினால் தொழில் எப்படி இருக்கிறது, ஆட்களுக்கு வேலை இருக்கிறதா என்று நேரில் பார்க்க. எங்கள் பட்டறைக்கும் வருவார்களாம். மு. (முதலாளியை இனி இப்படித்தான் எழுதப்போகிறேன்) மத்தியானம் வந்து சொன்னார். மந்திரி பார்லிமெண்டில் எழுந்து, கைத்தறி கையால் ஓடுவது, கரண்ட் வெட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டாராம். அது நிஜமா என்று சோதிக்கத்தான் கமிட்டி.

பக்கத்து மெஷின் ரோசம்மாக்கா: "தறி கையால ஓடுது, சரி. நூலை எதால முறுக்குறோம்? மீசையாலயா?"

சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் புரையேறியது. மு.வுக்கும் மீசை உண்டு. அவரும் சிரித்தார்.

புளி இல்லை. கிருஷ்ணாயில் கியூ நாளைக்கு.

சித்திரை 22, புதன்

நேற்று எழுதவில்லை. கியூவிலேயே பொழுது போயிற்று. என் முறை வந்தபோது டின் காலி.

மு. என்னைக் கூப்பிட்டார். உள்ளே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அதிலேயே பயம் வந்துவிட்டது. பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை.

"ஏம்மா சரோஜா, கமிட்டி முன்னாடி நீதான் பேசணும்."

"நானா? இன்னாங்க மொதலாளி, நீங்க இருக்கும்போது!"

"நான் பேசினா மொதலாளி அழுவுறான்னு எழுதிக்கினு போயிடுவாங்கம்மா. வேலை செய்யறவங்க வாயால வரணும். நீ படிச்ச பொண்ணு."

படிச்ச பொண்ணு. எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் கோட்டை விட்டவள் என்று அவருக்குத் தெரியாது.

பிறகு குரலை இறக்கி ஒன்று சொன்னார். ஆடி வரைக்கும் பார்ப்பாராம். கரண்ட் நேரத்தைக் கூட்டிக் கொடுக்காவிட்டால் மெஷின்களைப் பெங்களூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்குக் கொடுத்துவிடுவாராம். அவன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டான். போன வாரம் வந்த வெள்ளைச் சட்டைக்காரன் இன்ஷூரன்ஸ் ஆள் என்றல்லவா நினைத்தோம். ரோசம்மாக்கா அவனுக்கு மோர் வேறு கொடுத்தாள்.

"யாருகிட்டயும் சொல்லாதம்மா" என்றார் மு.

சொல்லவில்லை. ஆனால் மெஷின் பக்கத்தில் வந்து நின்றால் கண் ரோசம்மாக்கா பக்கமே போகிறது. அவளுக்கு ஊரில், ஓரிக்கையில், சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. பட்டறை மூடினால் திரும்பவும் நாற்று நட அடுத்தவர் வயலுக்குத்தான் போக வேண்டும். பதினாறு வயதிலேயே முதுகு வலி கண்டவள். "நெழல்ல உக்காந்து சாப்பிடறேன் பொண்ணே, அது போதும் எனக்கு" என்பாள்.

எல்லாம் என் வாயில் இருக்கிறது. என் வாய்!

சித்திரை 23, வியாழன்

பேச்சு தயார். மனசுக்குள் மட்டும். மு. எழுதித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். எழுதி வைத்துப் படித்தால் குரல் நடுங்கும்.

கச்சாப் பட்டு நூலை அப்படியே நெய்ய முடியாது ஐயா. முறுக்க வேண்டும். முறுக்குகிற மெஷின் கரண்டில் ஓடுகிறது. கரண்ட் இல்லை என்றால் முறுக்கு இல்லை. முறுக்கு இல்லை என்றால் பாவு இல்லை, தறியில் நீளவாக்கில் ஓடும் இழை இல்லை. பாவு இல்லாத தறியில் கையை வைத்து என்ன செய்வது?

அவ்வளவுதான். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். குழம்பு தாளிக்கும்போது ஒரு தடவை, துணி அலசும்போது ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "யார்கூட சண்டை?" என்றாள். டெல்லிகூட என்றேன்.

காலை பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. நல்லது. பத்து மணிக்குக் கரண்ட் இருக்காது. மெஷின்கள் பிணம் மாதிரி கிடப்பதைக் கண்ணால் பார்ப்பார்கள். பாதிப் பேச்சு மிச்சம்.

குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். இவர் சோற்றைக் கூட்டிப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

சித்திரை 25, சனி

அக்னி நட்சத்திரம். காக்கைகூட நிழலை விட்டு வரவில்லை.

இவருக்கும் எனக்கும் சண்டை. நடந்தது நடந்தபடி:

பட்டறையைப் பார்த்தபின் ஒரு நெசவாளி வீட்டுத் தறியையும் கமிட்டி பார்க்க வேண்டுமாம். பட்டறைக்குக் கிட்டத்தில் இருப்பது எங்கள் வீடு. மு. எங்கள் பேரைக் கொடுத்துவிட்டார். நான் சந்தோஷப்பட்டேன். வெறும் தறியைப் பார்த்தால் மந்திரிக்கு எதிராக அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"வீடு தேடி வர்றவங்க கண்ணுல வெறுந்தறி படலாமா?"

"படணும்ங்க. அதுக்குத்தானே வர்றாங்க."

"சாவு வீட்லதான் பாவை எறக்கிப் போட்டு வெறுந்தறி காட்டுவாங்க. நான் உயிரோட கீறேன் சரோ."

"அது நம்ம வழக்கம். டெல்லிக்காரங்களுக்கு இன்னா தெரியும்?"

"நமக்குத் தெரியும் இல்ல?"

இந்த மூன்று மாதமும் யார் வந்தாலும் தறி மேல் போர்வையைப் போட்டு மூடி வைக்கிறார். தண்ணீர் வண்டிக்காரன் வந்தாலும் சரி. தபால்காரர் ஒரு நாள், "இன்னா ஏகாம்பரம், தறிக்குக் குளுருதா?" என்று கேட்டதற்கு அன்று முழுக்க இவர் சாப்பிடவில்லை.

சாயந்தரம் மெதுவாக வேறொன்றைச் சொன்னார். அத்தை மகன் பெங்களூரில் விசைத்தறியில் இருக்கிறான், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். பட்டறையும் நின்றுபோனால் இவர் போவாராம். நான் இங்கே. ஒரு மனுஷன் அங்கே, ஒருத்தி இங்கே, நடுவில் ரயில். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் போனவள் அங்கேயே ரொம்ப நேரம் நின்றேன்.

சித்திரை 27, திங்கள்

விரல் நுனி எல்லாம் எரிகிறது. ஏன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பாவு புணைத்தேன்.

நாலு வீடு தள்ளி வரதனுக்கு விஷக் காய்ச்சல். ஜவுளிக் கடைக்காரர் கொடுத்த பாவு அவன் தறிக்கு ஏறாமல் கிடக்கிறது. கத்திரிப்பூ நிறம், பச்சைக் கரை. இவர் போய்ப் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அவன் யோசிக்கவே இல்லையாம். "எடுத்துக்கினு போண்ணா. டெல்லிலேர்ந்து வர்றவங்க நம்ம தெருவுல வெறுந்தறியைப் பாத்தா தெருவுக்கே அசிங்கம்."

தெருவே ஒரே பேச்சாக இருந்தால் நான் ஒருத்தி என்ன செய்வேன்?

முந்தின சேலையில் மிஞ்சிய இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழையை விரலால் திரித்து ஒட்ட வேண்டும். நேற்றுக் காலையில் உட்கார்ந்தோம், இன்று இருட்டும்போது முடிந்தது. இன்று பட்டறைக்குக்கூடப் போகவில்லை. ரோசம்மாக்காவிடம் தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். எதிர்வீட்டு அம்மாவும் வந்து உட்கார்ந்து புணைத்தாள். கோபத்தோடு உட்கார்ந்தவள்தான் நான். போகப் போகக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவு இழுத்துக் கட்டி நின்றபோது, சொல்ல வேண்டியதுதானே, அழகாக இருந்தது. இவர் தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்து, குறுக்கிழை ஓட்டும் நாடாவை நாலு தடவை விட்டார். அந்தச் சத்தம்! மூன்று மாதத்துக்குப் பிறகு. எனக்குக் கண்ணில் தண்ணீர்.

கமிட்டி போனபின் இதையெல்லாம் அறுத்து வரதனிடம் கொடுக்க வேண்டும்.

போகட்டும். பட்டறையில் நான் பேசிவிடுவேன். வீட்டில் தறி எப்படி இருந்தால் என்ன?

சித்திரை 28, செவ்வாய்

நாளைக்கு.

செய்ய வேண்டியது: தலைக்குக் குளிக்க. சிவப்புச் சேலை (சுங்குடி, பட்டு வேண்டாம், பட்டு கட்டினால் நம்ப மாட்டார்கள்). கலர் சோடா சொல்லி வைக்க. எலுமிச்சம்பழம்.

பட்டறையைக் கழுவினோம். யாரும் சொல்லவில்லை, நாங்களாகவே. மெஷினுக்கெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, ஆயுத பூஜை மாதிரி ஆகிவிட்டது. ரோசம்மாக்கா மல்லிப்பூ கொண்டு வந்தாள். அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள், குங்குமம் வைக்க மாட்டாள், பூ வைப்பாள். தன் மெஷினுக்கு ஒரு முழம் சுற்றினாள்.

மு. வந்து பார்த்துவிட்டு, "கல்யாண வீடு மாதிரி பண்ணிட்டீங்களேம்மா" என்றார். முகத்தில் சந்தோஷமா கவலையா தெரியவில்லை. கழற்றச் சொல்லவில்லை.

சித்திரை 29, புதன்

எப்படி எழுத?

வரிசையாக எழுதுகிறேன். அப்போதுதான் எங்கே விட்டோம் என்று தெரியும்.

காலை ஒன்பது மணிக்கே எல்லோரும் ஆஜர். பத்து மணி. வரவில்லை. கரண்ட் இல்லை, மெஷின்கள் நிற்கின்றன, எல்லாம் நாங்கள் நினைத்தபடி. பதினொன்று. காமாட்சி கோயிலுக்குப் போயிருக்கிறார்களாம். பன்னிரண்டு. கோயிலில் கூட்டமாம், முடிந்து டிராவலர்ஸ் பங்களாவில் சாப்பாடாம். ஒரு மணி. சாப்பிட்டுவிட்டு ஜவுளிக் கடைக்குப் போயிருக்கிறார்களாம். எங்களுக்குப் பசி. யாரும் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. வாயில் சோறோடு நிற்கும்போது வந்துவிட்டால்?

மு. கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

இரண்டு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது பிளஷர் கார்கள் வரிசையாக வந்தன. வெள்ளைக் குல்லாய் வைத்த பெரியவர்தான் தலைவர். கண்ணாடி போட்ட ஒரு அம்மா மெம்பர். மொழிபெயர்த்துச் சொல்ல நம் பக்கத்து மெம்பர் ஒருவர், வேட்டி சட்டை. பின்னால் ஆபீசர்கள், போலீஸ். அவ்வளவு பேர் பட்டறையில் நிற்க இடம் ஏது? பாதிப் பேர் வாசலில்.

எலுமிச்சம்பழம் கொடுத்தேன். மு. கண்ணைக் காட்டினார். கையைக் கூப்பினேன்.

"ஐயா வணக்கம். கச்சாப் பட்டு நூலை அப்படியே நெய்ய முடியாதுங்க ஐயா..."

அப்போது கரண்ட் வந்தது.

பல்பு எரிந்ததுதான் தாமதம், ரோசம்மாக்கா ஓடினாள். எல்லோரும் ஓடினார்கள். யோசித்து ஓடவில்லை. கரண்ட் வந்தால் கை போய் சுவிட்சில் விழும், அது எங்களுக்கு இமை மூடுகிற மாதிரி. பட்டறை முழுக்க ஒரே இரைச்சல். என் வாய் அசைகிறது, எனக்கே காதில் விழவில்லை. நம் பக்கத்து மெம்பர் காதுக்குக் கை கொடுத்துக் குனிந்தார். கத்தினேன். பாவு, முறுக்கு, கரண்ட் என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

மு. ஒரு வார்த்தை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடுவில் நிறுத்தினால் இழை எல்லாம் அறும், கிடைக்கிற மூன்று மணியும் வீண். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏன் என்றால் நான் செய்ததை இன்னும் எழுதவில்லை.

கத்திக்கொண்டிருக்கும்போது, யாரோ ஓட்டிவிட்டிருந்த என் மெஷினில் ஒரு இழை அறுந்ததைப் பார்த்தேன். போய்விட்டேன். கமிட்டியை அப்படியே நிற்க விட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, இழையை ஒட்டினேன். ஒட்டித் திரும்பினால் குல்லாய்க்காரர் என்னைக் கையால் காட்டி ஆபீசரிடம் ஏதோ சொல்கிறார். ரொம்ப மெச்சிக்கொண்டாராம். பேசும்போதுகூட வேலையில் கண்ணாக இருக்கிறாள் என்றாராம். மு. பிறகு சொன்னார்.

அங்கிருந்து வீடு. வீடு அமைதி. இங்கே பேசலாம். மனசைக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

இவர் குழியில் இறங்கி நெய்துகொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி. ஒரு முழத்துக்கு நெய்திருப்பார், கத்திரிப்பூவில் பச்சை மின்னுகிறது. அந்த அம்மா "ஆஹா" என்று உட்கார்ந்தேவிட்டாள். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் ஏதோ கேட்க, நம் பக்கத்து மெம்பர், "எல்லாம் நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாங்க" என்றார்.

இவர் எழுந்து கும்பிட்டு, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம்ங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டால் வேறு என்ன சொல்வது? எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. முன்னால் போனேன். "ஐயா, இந்தப் பாவு..." என்றேன். இவர் என்னைப் பார்த்தார். ஒரு பார்வை. அந்தப் பார்வைக்கு எதிரில், இந்தப் பாவு எங்களுடையது இல்லை என்று ஊர் சனம் வாசலில் நிற்கும்போது சொல்ல முடியவில்லை.

"பாவு இன்னாம்மா?" என்றார் மெம்பர்.

"கரண்ட் பத்தலீங்க ஐயா. முறுக்க முடியல."

"இப்பதான் ஓடிச்சேம்மா, கண்ணால பார்த்தோமே!" என்று சிரித்தார். அதட்டவில்லை. நல்ல மனுஷர்தான். கார் ஹாரன். அடுத்து வாலாஜாபாத்தில் ரைஸ் மில் பார்க்க வேண்டுமாம், நேரமாகிவிட்டதாம். கலர் சோடா பாதி குடித்தபடி இருந்தது.

போய்விட்டார்கள்.

சித்திரை 30, வியாழன்

காலையில் பாவை அறுத்தோம். நெய்த முழத்துக்கு வரதன் கணக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. "அந்தம்மா தொட்டுப் பாத்துச்சாமே!" என்று அவனுக்குச் சந்தோஷம்.

இவர் தறி மேல் போர்வையைப் போட்டார்.

பட்டறையில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ரோசம்மாக்கா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் ஓடிப்போய் போட்டுட்டேன் பொண்ணே. கை நிக்கல" என்றாள். என் கை மட்டும் நின்றதா அக்கா என்றேன். பிறகு இருவரும் சிக்கு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தோம், கரண்ட் வரும்வரை.

அவளிடம் பெங்களூர்க்காரன் விஷயத்தைச் சொல்லலாமா? சொல்லவில்லை.

வைகாசி 12, புதன்

கருட சேவை வரப்போகிறது, சின்ன காஞ்சிபுரத்தில் இப்போதே பந்தல். வெளியூர் பஸ்.

மு. ஒரு மகஜர் எழுதி டெல்லிக்கு அனுப்பியிருக்கிறாராம். நம் பக்கத்து மெம்பரை மெட்ராசில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். "பாக்கலாம், ரிப்போர்ட் வரட்டும்"னு சொன்னாராம். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை. ஒரு வேளை இரைச்சலுக்கு நடுவில் ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கும். மூன்று மணி நேரம்தான் கரண்ட் என்று ஆபீசர் யாராவது சொல்லாமலா இருப்பார்? எல்லாம் தெரிந்தவர்கள்தானே?

வெல்லம். இவர் வேட்டிக்கு நீலம்.

ஆனி 20, ஞாயிறு

மழை ஒரு தூறல். அதோடு சரி. அணையில் தண்ணீர் இல்லையாம், அதனால்தான் கரண்ட் இல்லையாம். வானத்தைக் கமிட்டி போட்டு விசாரிக்க முடியாது.

எழுத ஒன்றும் இல்லை. இவர் தகரப் பெட்டியை இறக்கித் துரு தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தேங்காய் நார் எடுத்துக் கொடுத்தேன்.

ஆடி 13, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது.

பேப்பரில் உள்பக்கத்தில், கீழே, ஒரு சின்னக் கட்டத்தில். நான்தான் முதலில் பார்த்தேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழில் நல்ல மார்க், உச்சரிப்பு சுத்தம். கமிட்டி பல ஊர்களுக்கு நேரில் சென்று பார்த்தது. பட்டு நெசவு நடக்கும் இடங்களில் மெஷின்களும் தறிகளும் முழுமையாக இயங்கக் கண்டு திருப்தி அடைந்தது. கைத்தறிக்கு மின்வெட்டினால் பாதிப்பு இல்லை என்ற அரசின் விளக்கத்தைக் கமிட்டி ஏற்றுக்கொள்கிறது. தனிச் சலுகைக்கு அவசியம் காணப்படவில்லை.

பொய் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் காட்டியதைத்தான் பார்த்தார்கள்.

படித்து முடித்ததும் ஒருத்தி கேட்டாள்: "அப்ப கரண்ட் ஜாஸ்தி தருவாங்களா, மாட்டாங்களாக்கா?"

மு. தன் அறையை விட்டு வெளியே வரவில்லை.

ஆடி 18, செவ்வாய்

பெருக்கு. பாலாற்றில் மணல்தான். ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்துப் படைத்தார்கள். சித்ரான்னம் நான் செய்யவில்லை.

ஆடி 21, வெள்ளி

லாரி வந்தது. மெஷின்களைக் கழற்றி ஏற்றினார்கள். ரோசம்மாக்காவின் மெஷினில் சித்திரையில் சுற்றிய மல்லிச் சரம், நார் மட்டும், இன்னும் இருந்தது. ஏற்றுகிறவன் பிய்த்துப் போட்டான். அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழம நடவு கீது" என்றாள். "வரேன் பொண்ணே."

மு. எல்லோருக்கும் கை கூப்பினார். என்னிடம் வந்தபோது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ நல்லாத்தாம்மா பேசுன" என்றார் கடைசியில். அதைக் கேட்டுத்தான் அழுதேன்.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. காலிப் பட்டறையில் பல்பு எரிந்தது. நான் போய் அணைத்துவிட்டு வந்தேன்.

இவருக்குத் திங்கட்கிழமை ரயில்.

ஆடி 23, ஞாயிறு

காலையிலிருந்து பெட்டி கட்டுகிறோம். வேட்டி, துண்டு, சீப்பு, ஊறுகாய் (மூடி சரியில்லை, துணி வைத்துக் கட்டினேன்), சாமி படம். நாடா ஒன்றையும் வைத்துக்கொள்கிறேன் என்றார். விசைத்தறியில் இது எதற்கு என்றேன். சும்மா கிடக்கட்டும் என்றார்.

பதினொரு மணி வாக்கில் வாசலில் ஸ்கூட்டர். பேண்ட் போட்ட ஒரு பையன். நம் பக்கத்து மெம்பரின் ஆபீசில் வேலையாம். இவர் அவனைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம், பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளியது. இரண்டாவது, தறி மேல் போர்வை சரியாக இருக்கிறதா என்று பார்த்தது.

"வாங்க சார், உக்காருங்க. சரோ, மோர் கொண்டா."

அந்தப் பையன்: "டெல்லி மேடம், அன்னிக்கி கண்ணாடி போட்டுக்கினு வந்தாங்களே, அவங்க சொல்லி அனுப்பிச்சாங்க. உங்க தறியில பாத்த சேலை அவங்க மனசுலயே நிக்கிதாம். அதே கலர், அதே கரை. அவங்க பொண்ணு கல்யாணத்துக்கு. உங்க கையாலதான் வேணுமாம்."

மோர் டம்ளரோடு நின்றேன். அவ்வளவு பேர் வந்து, அவ்வளவு தூரம் பார்த்துவிட்டுப் போனதில் டெல்லியில் யார் மனசிலாவது எங்கள் வீடு நின்றிருக்கிறது. எப்படி நின்றிருக்கிறது பாருங்கள்.

இவர் முகத்தைப் பார்த்தேன். முறுக்கிய நூல் இல்லை, பாவு இல்லை, நாளை இதே நேரம் ரயிலில் இருப்பார். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அதுக்கென்னா சார்! ஆவணி கடேசில வந்து வாங்கிக்குங்க."

பையனுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் என் பக்கம் திரும்பினான்.

"இன்னாம்மா, ஆவணிக்குள்ள ஆயிடும் இல்ல?"

தெருவில் ஒரு சத்தம் இல்லை. பட்டறை இரைச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வாசலில் கூட்டமும் இல்லை. என்ன சொன்னாலும் நன்றாகக் காதில் விழும். சித்திரையில் தயார் செய்த பேச்சு ஒரு வார்த்தை மறக்கவில்லை. கச்சாப் பட்டு நூலை அப்படியே நெய்ய முடியாது ஐயா.

"ஆயிடும்ங்க" என்றேன்.